போருக்குக் கட்டிய கப்பல்கள் கடலை அளந்த கதை

கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் ‘ரஜூலா’ என்ற பெயரைக் கேட்டிராத மூத்தவர்கள் மிகக் குறைவு. 1926ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் துறைமுகங்களில் இறக்கியது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் தொடங்கிய தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இங்குள்ள தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த பல குடும்பங்களின் கதை இப்படி ஒரு கப்பலின் தளத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு வாரம் போல நீளும் அந்தப் பயணத்தில் பார்க்கும் திசையெல்லாம் தண்ணீர். அதன் அடியில் என்ன இருக்கிறது? ஏறி வந்தவர்களுக்கும் தெரியாது, கப்பலை ஓட்டிய கேப்டனுக்கும் தெரியாது. இன்று தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வரும் கப்பல் முதலில் ஒரு நீண்ட மலைத்தொடருக்கு மேலே செல்கிறது. பிறகு, பெரிய நிக்கோபார் தீவுக்கும் சுமத்ராவின் ஆச்சே முனைக்கும் இடையில், உலகின் மிக ஆபத்தான நிலநடுக்க விளிம்புகளில் ஒன்றைக் கடக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி பிளந்தது அந்த விளிம்புதான்.

நம் முன்னோர் பல தலைமுறையாகக் கடந்து வந்த இந்தக் கடலின் அடித்தரையை உலகம் 1960ஆம் ஆண்டுகளில்தான் முறையாக அளந்தது. அளக்கப் போன கப்பல்களில் சில, இரண்டாம் உலகப் போரில் சரக்கும் குண்டும் சுமந்தவை.

ஏன் பழைய கப்பல்கள்?

போர் 1945இல் முடிந்தபோது உலகத் துறைமுகங்களில் கப்பல்கள் தேங்கிக் கிடந்தன. அமெரிக்கா மட்டும் ‘லிபர்ட்டி’ வகைச் சரக்குக் கப்பல்களை 2,700க்கு மேலும், ‘விக்டரி’ வகையை 500க்கு மேலும் கட்டித் தள்ளியிருந்தது. சண்டை ஓய்ந்ததும் அவற்றில் பலவற்றுக்கு வேலை இல்லை.

கடல் ஆய்வுக்குப் புதுக் கப்பல் கட்டுவது பெருஞ்செலவு. பழைய சரக்குக் கப்பலோ கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. சரக்கு வைக்கும் அகன்ற அறைகளை ஆய்வுக்கூடங்களாக்கலாம். மூட்டை தூக்கும் பாரந்தூக்கிகளைக் கொண்டே கருவிகளைக் கடலுக்குள் இறக்கலாம். துறைமுகம் தொடாமல் பல வாரங்கள் ஓட எரிபொருளும் கொள்ளும். போர்க்கப்பலுக்கு வேறொரு வசதி உண்டு. நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவிகளும், இரவு பகலாகக் காவல் நின்று பழகிய மாலுமிகளும் அதில் இருந்தனர்.

போருக்குள்ளேயே இந்த மாற்றம் தொடங்கியிருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஹாரி ஹெஸ், போரில் ‘கேப் ஜான்சன்’ என்ற அமெரிக்கப் படைப் போக்குவரத்துக் கப்பலின் தலைவராக இருந்தார். பசிபிக்கில் படைகளை ஏற்றிச் செல்லும்போதே ஆழம் அளக்கும் கருவியை ஓய்வின்றி ஓடவிட்டார். உச்சி தட்டையான பல மலைகள் கடலடியில் இருப்பதை அப்படித்தான் கண்டார். கடலின் அடித்தரை நடுவில் பிறந்து இருபுறமும் நகர்கிறது என்ற கருத்தை அவர் 1962இல் வெளியிட்டார். இன்றைய நிலநடுக்க அறிவியலின் அடிப்படைகளில் அது ஒன்று.

பெயர் மாறிய சரக்குக் கப்பல்

இந்தியப் பெருங்கடலுக்கு வந்த அத்தகைய கப்பல்களில் புகழ்பெற்றது சோவியத் நாட்டின் ‘வித்யாஸ்’. ரஷ்ய மொழியில் இதற்கு ‘வீரன்’ என்று பொருள்.

இது பிறந்தது ரஷ்யாவில் அல்ல, ஜெர்மனியில். 1939இல் ‘மார்ஸ்’ என்ற பெயரில் சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்டது. அதே ஆண்டு போர் மூண்டதும் ஜெர்மன் கடற்படையின் போக்குவரத்துக் கப்பலானது. 1945இல், முன்னேறி வந்த சோவியத் படைக்கு அஞ்சிக் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து ஓடிய மக்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றது. போர் முடிந்ததும் பிரிட்டன் அதைக் கைப்பற்றி ‘எம்பயர் ஃபோர்த்’ என்று பெயரிட்டது. பிறகு போர் இழப்பீடாக சோவியத் கைக்கு மாறியது.

சோவியத் அறிவியலாளர்கள் அதில் ஆய்வுக்கூடங்களை அமைத்து, 1949இல் ‘வித்யாஸ்’ என்ற பெயரில் கடலுக்கு அனுப்பினார்கள். 1957இல் பசிபிக்கின் மரியானா பள்ளத்தில் 11 கிலோமீட்டர் ஆழத்தை அது அளந்தது உலகச் செய்தியானது. 1959இல் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. 1979 வரை உழைத்த அந்தக் கப்பல் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட் நகரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அகதிகளை ஏற்றிய அதே கிழக்குப் பிரஷ்யப் பகுதியின் தலைநகர்தான் இன்றைய கலினின்கிராட்.

கிருஷ்ணா நதியின் பெயரில் ஒரு போர்க்கப்பல்

உலகப் பெருங்கடல்களிலேயே மிகக் குறைவாக அறியப்பட்டது இந்தியப் பெருங்கடல் என்று 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் அறிவியலாளர்கள் கண்டனர். இத்தனைக்கும் இதன் கரையோர நாடுகளில் கோடிக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள். பருவக்காற்றுக்கு ஏற்பத் தன் நீரோட்டத்தை ஆண்டுக்கு இருமுறை திருப்பிக்கொள்ளும் பெருங்கடலும் இது ஒன்றே. ஆகவே 1959 முதல் 1965 வரை ‘சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம்’ நடத்தப்பட்டது. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இதில் பங்கேற்றன.

இந்தியாவிடம் அப்போது ஆழ்கடலுக்கென்று பெரிய ஆய்வுக் கப்பல் கிடையாது. கடற்படை தன்னிடமிருந்த ‘கிஸ்தனா’ கப்பலை ஆய்வுப் பணிக்கு மாற்றிக் கொடுத்தது. கிருஷ்ணா நதியின் பெயரை ஆங்கிலேயர் எழுதிய விதம்தான் ‘கிஸ்தனா’. இதன் உடன்பிறப்புக் கப்பலுக்குப் பெயர் ‘காவேரி’. ரஜூலாவைப் போலவே இரண்டும் கிளாஸ்கோவில் கட்டப்பட்டவை. இரண்டும் 1943இல் பணியில் சேர்ந்தன.

ஏறத்தாழ 300 அடி நீளமுள்ள கிஸ்தனா, நீர்மூழ்கிகளிடமிருந்து சரக்குக் கப்பல் கூட்டங்களைக் காப்பதற்கென்றே கட்டப்பட்டது. 1945இல் பர்மாவின் அரக்கான் கரையில் ஜப்பானியப் படைக்கு எதிரான தாக்குதல்களில் பங்கேற்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனதும் அதே போர்க்காலத்தில்தான். அவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த ஆண்டுகளில் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே பயணிக் கப்பல் கிடையாது. வீட்டுக்குக் கடிதமும் போகவில்லை.

அந்தப் போரில் சுட்ட கப்பல், 1962 முதல் 1965 வரை அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் தண்ணீரை அள்ளி அளந்தது. இந்தியத் திட்டத்தை வழிநடத்தியவர் டாக்டர் என்.கே. பணிக்கர். கேரளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இராமேஸ்வரம் அருகே மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1950ஆம் ஆண்டுகளில் தலைமை தாங்கியவர்.

கடலை எப்படி அளந்தார்கள்?

முன்பெல்லாம் ஆழம் பார்க்க ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். ஆழ்கடலில் ஓர் இடத்தை அளக்கவே மணிக்கணக்கில் ஆகும். எதிரொலிக் கருவி வந்த பிறகு வேலை எளிதானது. கப்பலின் அடியிலிருந்து ஓர் ஒலி கிளம்பும். அது தரையில் மோதித் திரும்பும் நேரத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். கடல் நீரில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். ஒலி போய்த் திரும்ப 5 விநாடி ஆனால், ஆழம் 3,750 மீட்டர். நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

வெவ்வேறு ஆழத்தில் தண்ணீர் எடுக்க ‘நான்சன் குப்பி’ பயன்பட்டது. வரிசையாகக் குப்பிகளைக் கம்பியில் கோத்து இறக்குவார்கள். பிறகு மேலிருந்து ஒரு சிறு எடையைக் கம்பி வழியே விடுவார்கள். அது தட்டியதும் குப்பி தலைகீழாகப் புரண்டு மூடிக்கொள்ளும். அத்துடன் இணைந்த வெப்பமானியும் அந்த நொடியின் வெப்பநிலையை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்க எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே அளவுள்ள வலையைப் பயன்படுத்தின. அதன் வாய் ஒரு சதுர மீட்டர். 200 மீட்டர் ஆழத்திலிருந்து நேராக மேலே இழுப்பார்கள். எல்லோரும் ஒரே வலையைப் போட்டால்தானே ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட முடியும்! பல நாட்டுக் கப்பல்கள் பிடித்த ஏறத்தாழ 2,000 மாதிரிகள் கொச்சிக்கு வந்தன. அங்கே யுனெஸ்கோ உதவியுடன் தொடங்கிய மையத்தில், இளம் விலங்கியல் பட்டதாரிகள் அவற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

‘ஆய்வு’ என்ற சொல்லும் சந்தேகமும்

கடற்படைகள் ஆய்வுக்குக் கப்பல் கொடுத்தது அறிவியல் ஆர்வத்தால் மட்டும்தானா? இல்லை. கடலடி நிலவரம் தெரிந்தவனுக்கு நீர்மூழ்கிப் போரில் கை ஓங்கும். ‘பௌடிட்ச்’, ‘டட்டன்’, ‘மைக்கல்சன்’ என்ற மூன்று விக்டரி சரக்குக் கப்பல்களை அமெரிக்கக் கடற்படை 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் அளவைக் கப்பல்களாக மாற்றியது. ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கிகளுக்குக் கடலடி வரைபடம் தேவைப்பட்டதே அதற்குக் காரணம்.

இன்னும் சில கப்பல்கள் ஆய்வு என்ற பெயரில் ஒட்டுக்கேட்டன. 1944இல் அமெரிக்கத் தரைப்படைக்குச் சிறு சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்ட ‘பியூப்லோ’, பின்னாளில் ஆய்வுக் கப்பல் என்ற போர்வையில் வட கொரியக் கரையோரம் உளவு பார்த்தது. 1968 ஜனவரி 23ஆம் தேதி வட கொரியா அதைக் கைப்பற்றியது. ஒருவர் இறந்தார், 82 பேர் பதினொரு மாதம் சிறையில் இருந்தனர். அந்தக் கப்பல் இன்னமும் பியோங்யாங்கில் காட்சிப் பொருளாக நிற்கிறது.

இதனால்தான் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் என்றாலே கரையோர நாடுகள் இன்றும் இருமுறை யோசிக்கின்றன. ஆனால் இந்தியப் பெருங்கடல் பயணத்தில் சோவியத்தும் அமெரிக்காவும் பனிப்போருக்கு நடுவிலேயே ஒரே திட்டத்தில் சேர்ந்து உழைத்தன. ஏழை நாடுகளின் மாணவர்களுக்கும் அந்த அளவுகள் கிடைத்தன. அந்தப் பயணத்தின் பெரிய சாதனை இதுவே எனலாம்.

கண்டது என்ன?

வங்கக்கடலின் அடியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, கிழக்குத் தீர்க்கரேகை 90 பாகையை ஒட்டி நூல் பிடித்தது போல ஓடும் மலைத்தொடர் அப்போதுதான் முழு உருவில் தெரிந்தது. அதற்குத் ‘தொண்ணூறு பாகைக் கிழக்கு மலைத்தொடர்’ என்றே பெயர். ரஜூலா ஒவ்வொரு பயணத்திலும் இதற்கு மேலேதான் போய் வந்திருக்கிறது. கடலடியின் முழு வரைபடத்தை புரூஸ் ஹீசன், மேரி தார்ப் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் வரைந்தார்கள். அதை 1967இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் வண்ணத்தில் வெளியிட்டது.

1966 ஜனவரி 1ஆம் தேதி இந்தியாவில் தேசியக் கடல் ஆய்வு நிறுவனம் பிறந்தது. கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட அதற்கு முதல் இயக்குநர் பணிக்கர்தான். அந்த நிறுவனத்துக்கு 1976இல் கிடைத்த முதல் பெரிய கப்பல் ‘கவேஷணி’யும் புதிதாக ஆய்வுக்கென்று கட்டியது அல்ல. தூர் வாரிய சேற்றைச் சுமக்கும் பார்ஜ் ஒன்றை மாற்றியமைத்ததே அது. 1981 ஜனவரி 26ஆம் தேதி, இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து உலோகக் கட்டிகளை இந்தியாவுக்காக முதலில் எடுத்துக் கொடுத்த கப்பலும் அதுதான். கிஸ்தனா அதே 1981இல் பணியிலிருந்து விலக்கப்பட்டது.

வரைபடம் இருந்தது, எச்சரிக்கை மணி இல்லை

ஆழத்தை அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். சுனாமியின் வேகத்தைக் கடலின் ஆழமே முடிவு செய்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், விமானத்தைப் போலப் பாயும். 50 மீட்டர் ஆழத்தில் அதே அலை மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறையும். நிலநடுக்கம் நடந்த இடமும் வழியில் உள்ள ஆழமும் தெரிந்தால், எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு அலை வரும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை 8.58க்கு ஆச்சேவுக்கு மேற்கே கடலடி பிளந்தது. பிளவு 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்கே அந்தமான் வரை ஓடியது. ஆழமான வங்கக்கடல் வழியாக அலை சுமார் இரண்டரை மணி நேரத்தில் நாகப்பட்டினத்தை அடைந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 6,000 பேர் மாண்டனர். கிழக்கே திரும்பிய அலைக்கு மலாக்கா நீரிணையின் ஆழமற்ற நீர் தடை போட்டது. பினாங்கு கடற்கரையை அது தொட்டபோது மதியம் 1 மணிக்கு மேல். நிலநடுக்கம் நடந்து நான்கு மணி நேரம் கழிந்திருந்தது.

நான்கு மணி நேரம்! கடற்கரையில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த குடும்பங்களை வீட்டுக்கு அனுப்ப அது தாராளமாகப் போதும். ஆனால் யாரும் சொல்லவில்லை. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். பசிபிக் பெருங்கடலுக்கு ஹவாயில் 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. அந்த நிலையம் இந்த நிலநடுக்கத்தையும் சுமார் 15 நிமிடத்தில் அறிவித்தது. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் அந்தச் செய்தியை வாங்கிக் கரைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடுதான் இல்லை.

கிஸ்தனாவும் வித்யாஸும் அளந்து முடித்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. கடலைப் பற்றிய அறிவு நூலகத்தில் இருந்தது, கரைக்கு வரவில்லை. அந்தக் கடைசிப் படியைக் கட்டுவதற்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான உயிர்கள் போக வேண்டியிருந்தது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. மலேசிய வானிலைத் துறையும் தனி எச்சரிக்கை மையத்தை அமைத்தது. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை உடனே பறந்தது. கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை.

இன்னும் அளக்காத கடல்

கிஸ்தனா போலவே ஆஸ்திரேலியாவின் ‘டயமன்டினா’வும் ஒரு போர்க்கப்பல். 1945 செப்டம்பரில் நவுரு தீவின் ஜப்பானியப் படை சரணடைந்து கையெழுத்திட்டது இதன் தளத்தில்தான். பின்னாளில் ஆய்வுக்கு மாறிய அது, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கே ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தை 1960 வாக்கில் அளந்தது. பள்ளத்துக்குக் கப்பலின் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரை மலேசியர்கள் 2014இல் துயரத்தோடு கேட்க நேர்ந்தது. மார்ச் 8ஆம் தேதி 239 பேருடன் மறைந்த எம்.எச்.370 விமானத்தைத் தேடிய கடற்பகுதியில் அந்தப் பள்ளத்தின் விளிம்பும் அடங்கியிருந்தது. விமானத்தைத் தேடும் முன்பு முதலில் தரையை அளக்க வேண்டியிருந்தது. கையிலிருந்த வரைபடம் அவ்வளவு மேலோட்டமானது. 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடியும் விமானம் கிடைக்காமல், 2017 ஜனவரியில் அந்தத் தேடல் நிறுத்தப்பட்டது. உலகக் கடலடியில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் நவீனக் கருவிகள் இதுவரை அளந்திருக்கின்றன. இந்தியப் பெருங்கடலுக்கு இரண்டாவது சர்வதேச ஆய்வுப் பயணம் 2015 டிசம்பரில் கோவாவில் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரையில் இருப்பவர்களுக்கு

கோல சிலாங்கூர், ஜெராம், சபாக் பெர்ணம் கரைகளுக்கு சுமத்ரா தீவு பெரிய மதில் போல நிற்கிறது. நீரிணையின் ஆழம் குறைவு என்பதும் ஒரு பாதுகாப்பு. அதற்காக அலட்சியம் கூடாது. இங்கே நீர் வற்றும்போது சேற்றுத்தரை வெகுதூரம் தெரிவது அன்றாடக் காட்சி. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வற்றும் நேரம் அல்லாத வேளையில் கடல் திடீரென்று உள்வாங்கினால், அல்லது நிலம் நீண்ட நேரம் ஆடினால், வேடிக்கை பார்க்க நிற்காமல் உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். முதல் அலை சிறிதாக இருந்தாலும் திரும்பி வரக்கூடாது. அடுத்தடுத்த அலைகள் அதைவிடப் பெரிதாக வரலாம். வானிலைத் துறை ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும் வரை காத்திருப்பதே நல்லது.

பினாங்கில் அன்று கிடைத்த நான்கு மணி நேரம் வீணாயிற்று. இன்று அந்த நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்ல மையங்கள் இருக்கின்றன. அவர்கள் சொல்வதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்கும் சொல்லி, குழந்தைகளையும் முதியோரையும் கையோடு கூட்டிக்கொண்டு நகர்வது கரையில் வாழும் நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.